மழை நாளில் எண்ணுவது யார்?

உறவினர் ஒருவர் என்னிடம் சொன்ன கருத்து ஒன்று நெடுநாளாக மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. உடற்பயிற்சி அவரவர் உடம்புக்காகச் செய்வது, அதற்குக் கூட்டம் எதற்கு, அதிலும் மழைக்காலத்து விடியற்காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குப் போய்ப் பத்துப் பேரோடு சேர்ந்து கையைத் தூக்கி இறக்குவதில் என்ன கூடுதலாகக் கிடைத்துவிடப் போகிறது, வீட்டுக் கூடத்தில் கைபேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டு அதையே செய்துவிடலாமே என்பது அவருடைய வாதம். அவர் எதையும் யோசித்துப் பேசுகிறவர் என்பதால் நானும் உடனே மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மையும்கூட. அரை உட்கார்வை முப்பது முறை செய்தால் தொடைத் தசைக்குக் கிடைக்கிற வேலை வீட்டிலும் பூங்காவிலும் ஒன்றுதான். மழைக்காலத்தைப் பொறுத்தவரை வீடே மேல் என்றுகூடச் சொல்லலாம். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வெளியே குளிர்ச்சியாகத் தோன்றினாலும் சிறிது நேரத்திலேயே உடம்பு புழுங்கத் தொடங்கிவிடுகிறது. தரை வழுக்குகிறது. பகலில் கடிக்கும் கொசுக்கள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரங்களில் காலையும் ஒன்று. இத்தனையும் தெரிந்திருந்தும் அவருடைய கருத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்றால், அதற்குக் காரணம் எங்கள் பூங்காக் குழுவில் நான் கண்ட ஒரு முரண்பாடு. பயிற்சி மிகக் குறைவாக நடந்த மாதங்களில்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் மிகவும் நெருக்கமானோம்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது ஜப்பானின் வானொலி உடற்பயிற்சி நினைவுக்கு வந்தது. 1928இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு இன்றும் காலை 6.30 மணிக்கு வருகிறது. பியானோ இசையும் எண்ணிக்கையும் வீட்டுக்குள்ளேயே கேட்கும். எல்லாருக்கும் அசைவுகள் மனப்பாடம். என் உறவினரின் கணக்குப்படி ஒருவரும் வெளியே வரத் தேவையில்லை. ஆனால் அங்கே முதியவர்கள் வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு வருகிறார்கள். கோடை விடுமுறையில் குழந்தைகள் ஓர் அட்டையோடு வந்து, பயிற்சி முடிந்ததும் அன்றைய தேதிக்கு முத்திரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த முத்திரையைப் பற்றி நான் நிறைய நேரம் யோசித்திருக்கிறேன். குழந்தை சரியாகச் செய்ததா என்பதை அது சொல்வதில்லை. இன்று நீ வந்தாய், வந்ததை ஒருவர் பார்த்தார் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

முதுகுகள் மட்டும் தெரிந்த கூட்டம்

மழை இல்லாத நாட்களில் எங்கள் குழு புல்வெளியில் வரிசையாக நிற்கும். முன்னால் நின்று நடத்துபவரை, அவரைவிட வயதில் மூத்தவர்களும் சேர்த்து, நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் அழைக்கிறோம். கட்டணம் கிடையாது, பெயர்ப் பதிவு கிடையாது. வருபவர்கள் வருவார்கள், வரிசையின் கடைசியில் நின்றுகொள்வார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் கூடும் நாட்களும் உண்டு. நடைபயிற்சிக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இடையில் சேர்ந்துகொள்பவர்களும், பாதியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடுபவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். இப்படி எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து நிற்பதால், பக்கத்தில் இருப்பவர்களை நான் பெரும்பாலும் முதுகைக் கொண்டுதான் அறிந்திருந்தேன். இடது தோள் சற்று இறங்கியவர், வெள்ளைக் காலணிக்காரர், குனியும்போது ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விடுபவர் என்று இப்படித்தான் அவர்கள் என் நினைவில் இருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு தலையசைப்பு, நாளை பார்க்கலாம் என்று ஒரு சொல், அவ்வளவுதான். அதில் குறை இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. விடியற்காலையில் யாரோடும் அதிகம் பேசாமல், ஆனால் தனியாகவும் இல்லாமல் இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. அதைத் தேடி வருபவர்களும் எங்களில் சிலர் உண்டு.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சிக்கும் எண்ணிக்கையை அக்கா மட்டும் சொல்வதில்லை. முதல் பத்தை அவர் எண்ணுவார், அடுத்த பத்தை வரிசையில் அடுத்தவர், அதற்கடுத்த பத்தை அவருக்கு அடுத்தவர் என்று அது கைமாறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் அக்காவின் தொண்டைக்கு ஓய்வு தருவதற்காக வந்த ஏற்பாடு அது. புதிதாக வருபவர்கள் தங்கள் முறை வரும்போது கூச்சத்தால் ஏழுக்குப் பிறகு ஒன்பது சொல்லிவிடுவார்கள். யாரும் திருத்த மாட்டார்கள். நாளடைவில் ஒருவர் குழுவில் சேர்ந்துவிட்டார் என்பதற்கு அடையாளமே அவர் தம் பத்தை உரக்க எண்ணியதுதான் என்றாகிவிட்டது.

மழை பிடித்துக்கொண்டபோது புல்வெளியை விட்டுப் பூங்காவின் ஓரத்தில் உள்ள கூரை போட்ட மேடைக்கு மாறினோம். நான்கு பக்கமும் திறந்த, தூண்கள் மட்டும் உள்ள சிறிய இடம். சாரல் அடித்தால் ஓரத்தில் நிற்பவர்களுக்கு ஒரு தோள் நனையும். கைகளை முழுதாக விரிக்க இடம் போதாது என்பதால் இரண்டு வரிசையாகப் பிரிந்து எதிரெதிரே நின்றோம். இட நெருக்கடியால் வந்த மாற்றம்தான் அது, வேறு நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் அந்த முதல் நாள் எனக்கு ஏற்பட்ட சங்கடம் இன்னும் நினைவிருக்கிறது. அத்தனை காலம் முதுகாக இருந்தவர்களுக்கு முகம் வந்துவிட்டது. ஒற்றைக் காலில் நிற்கும்போது எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே தடுமாற வேண்டியிருந்தது. பெருமூச்சு விடுபவர் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்வதைப் பார்த்த பிறகுதான், அது சோம்பல் இல்லை, முழங்கால் வலி என்று எனக்குப் புரிந்தது. அடுத்த நாளே அக்கா அவருக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு பாதி அளவு மட்டும் உட்கார்ந்து எழச் சொல்லிக்கொடுத்தார். அவர் எங்கள் முன்வரிசையிலேயே நெடுங்காலம் நின்றவர். அத்தனை காலமும் அந்த வலி எங்கள் யாருக்கும் தெரியாது.

குதிக்கும் பயிற்சிகளும் சுற்றி ஓடுவதும் ஈரத் தரையில் ஆகாது என்று நின்றுபோயின. எனவே மூச்சிரைப்பு குறைந்தது, பேச்சு கூடியது. மழை விடட்டும் என்று காத்திருந்த நேரத்தில்தான் யார் யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல் வரப்போகிறது, யார் வீட்டில் யாருக்கு அறுவைச் சிகிச்சை, யாருடைய மகள் தேர்வுக்குப் படிக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்தது. மழை மட்டும் இல்லாமலிருந்தால் நாங்கள் தலையசைத்துவிட்டுக் கலைந்து போயிருப்போம். கலைந்து போக முடியாதபடி ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டி வந்ததுதான் இந்த நட்பின் தொடக்கம் என்று அப்போது நினைத்தேன். அது முழு உண்மை இல்லை என்று பின்னர் ஒரு நாள் தெரிந்தது.

ஐந்து மணிச் செய்தி

மேடைக்கு ஏறும் கற்படிகளில் பாசி படிந்திருந்தது. ஒரு காலை அதில் கால் வைத்த ஒருவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை ஊன்றினார். எலும்பு முறியவில்லை என்றாலும் வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆனது. அன்று மாலையே கைபேசிக் குழுவில் ஒரு முன்மொழிவு வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு மழை பெய்துகொண்டிருந்தால் அன்று பயிற்சி கிடையாது, அக்கா குழுவில் ஒரு வரி போட்டுவிட வேண்டும், அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டார்கள், நானும்தான். எங்களில் பாதிப்பேர் அறுபதைக் கடந்தவர்கள். அந்த வயதில் ஒரு வீழ்ச்சி என்பது சில வாரங்களோடு முடிகிற விஷயமாக எப்போதும் இருப்பதில்லை. விதிக்கான காரணம் சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எதிர்த்துப் பேசியவர் மணிக்கட்டு வீங்கிய அதே மனிதர்தான். படியைத் தேய்த்துக் கழுவினால் போதும், அதற்காகக் குழுவையே நிறுத்துவார்களா என்று கேட்டார். மறுபக்கத்துக்கும் அவரிடம் ஒரு வாதம் இருந்தது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாட்களாவது சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைகள் சொல்கின்றன. விழாமல் இருப்பதற்காகத்தான் அந்தப் பயிற்சி, விழுவோம் என்ற பயத்தில் அதையே விட்டுவிடுவதா என்றார். அவருடைய பேச்சு அன்று எடுபடவில்லை.

விதி சில நாட்கள் ஒழுங்காகவே நடந்தது. பின்னர் ஒரு நாள், ஐந்து மணிக்குக் கொட்டிக்கொண்டிருந்த மழை ஆறு மணிக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. நான் வேறொரு வேலையாகப் பூங்காவின் பக்கமாகப் போனேன். மேடையில் யாரோ நிற்பது வேலிக் கம்பிகளின் வழியே தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், எங்கள் குழுவிலேயே மூத்தவரான, எழுபதைக் கடந்த அம்மா ஒருவர் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு தனியாகக் குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கைபேசி கிடையாது. மகனுடைய எண்தான் குழுவில் இருந்தது. இரவு வேலை முடிந்து வரும் மகன் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். செய்தி அந்தக் கைபேசி வரை போயிருந்தது. அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல விழித்திருந்தவர் யாரும் இல்லை.

என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "எல்லாரும் நல்லா இருக்காங்கதானே, தம்பி?" என்பதுதான். எனக்குக் கேள்வியே புரியவில்லை. மழையால் பயிற்சி இல்லை என்று முடிவு செய்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் தெரிந்தது கோபமோ ஏமாற்றமோ இல்லை, நிம்மதி. "அப்படியா, நான் யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். எல்லாரும் அங்க போயிட்டீங்களோ, எனக்குச் சொல்ல ஆள் இல்லையோன்னு நெனச்சேன்" என்றார். மழை பெய்ததை அவர் அறியாதவர் இல்லை, அதில் நனைந்துதான் வந்திருந்தார். ஆனால் இத்தனை பேரும் ஒரே நாளில் வராமல் போவதற்கு மழை ஒரு காரணமாக இருக்க முடியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. குழுவில் யாருக்கோ துன்பம் நேர்ந்திருக்கிறது, எல்லாரும் அந்த வீட்டு வாசலில் கூடியிருக்கிறார்கள் என்றுதான் அவர் மனம் போயிருக்கிறது. அந்தக் கவலையோடு, எந்த வீடு என்று தெரியாத காரணத்தால் போகவும் முடியாமல், நின்ற இடத்தில் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறார்.

எவ்வளவு நேரமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "என் பத்தை எண்ணிட்டேன். அதுக்கப்புறம் யாரு எண்ணுறதுன்னு தெரியல. திரும்பத் திரும்ப என் பத்தையே எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நான் வந்துவிட்டதால் இனி அது சரியாகிவிடும் என்பது போலக் குதிகாலை மீண்டும் தூக்கினார். நான் போக வேண்டிய வேலை அவசரமானதாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எதிரில் நின்று அடுத்த பத்தை எண்ணினேன். அதற்கடுத்ததை அவர். இப்படியே மாறி மாறி எண்ணி, கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று முழுப் பயிற்சியையும் இருவருமாக முடித்தோம். இடையில் பேச்சு அதிகம் இல்லை. முடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு, நாளைக்கு மழை பெய்தாலும் தான் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காலைக்குப் பிறகு என் உறவினரின் கருத்தையும், கூரை எங்களைச் சேர்த்துவைத்தது என்ற என் பழைய எண்ணத்தையும் மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. நாங்கள் வானிலையைப் பற்றி ஒரு முடிவெடுத்ததாக நினைத்தோம். அந்த அம்மாவோ எங்கள் வராமையை மனிதர்களைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளக்கூடிய ஒருவர் குழுவில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, வருவதும் வராததும் முன்போல் இருக்க முடியவில்லை. நான் வராவிட்டால் எனக்கு என்னவோ ஏதோ என்று கவலைப்பட ஒருவர் இருக்கிறார் என்பதை என் வயதில் புதிதாகத் தெரிந்துகொள்வது சிறிய விஷயமில்லை. வீட்டார் கவலைப்படுவார்கள், அலுவலகம் கேள்வி கேட்கும். ஆனால் எந்தக் கடமையும் உறவும் இல்லாத, பெயரைக்கூடச் சரியாகத் தெரியாத ஒருவர், ஈரத் துணியோடு நின்றுகொண்டு, எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று கேட்கிறார். இதைப் போன்ற ஒன்று அதற்கு முன் எனக்கு நேர்ந்ததில்லை.

ஆள் குறையும்போது

அன்று மாலை அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அடுத்த நாள் விதி மாறியது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் யாராவது இருவர் மேடைக்குப் போய்விட வேண்டும், யார் யார் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் அவரவர் வசதிப்படி வரலாம். படிகளைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவும் வேலையை மணிக்கட்டுக்காரரும் இன்னொருவரும் எடுத்துக்கொண்டார்கள். முறை வராத நாட்களிலும் பலர் வரத் தொடங்கினார்கள். அடைமழையில் நான்கைந்து பேராக நின்ற காலைகள்தான் எனக்கு அந்தப் பருவத்தில் மிகவும் பிடித்தவை.

ஆள் குறைந்தால் உற்சாகம் குறைய வேண்டும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. இதற்கு ஒத்த ஒன்றை மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் நூறாண்டுகளுக்கு முன்பே அளந்து பார்த்திருக்கிறார். கயிற்றை ஒருவர் தனியாக இழுக்கும் விசையையும் பலர் சேர்ந்து இழுக்கும் விசையையும் ஒப்பிட்டபோது, ஆள் கூடக் கூட ஒவ்வொருவரின் பங்கும் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒருவரின் பங்கு தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 1913இல் வெளியான முடிவு இது. இழுப்பதில் ஒத்திசைவு இல்லாததும் ஒரு காரணம், மற்றவர்கள் இழுத்துக்கொள்வார்கள் என்ற தளர்வும் ஒரு காரணம். இதற்கு மறுபுறத்தை 1920களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பெர்லின் படகோட்டும் சங்கத்தினரிடம் கண்டார். எடையைத் தூக்கி நிறுத்தும் வேலையில், ஒருவர் ஓய்ந்தால் எல்லாருக்கும் வேலை முடிந்துவிடும் என்ற நிலை இருந்தபோது, குழுவிலேயே வலிமை குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருபது பேர் நிற்கும் புல்வெளியில் நான் என் பத்தை எண்ணாமல் விட்டாலும் அடுத்தவர் எண்ணிவிடுவார். நான்கு பேர் நிற்கும் மேடையில் என் பத்து வராவிட்டால் பயிற்சியே நின்றுவிடும். முழங்கால் வலிக்காரர் அந்த நாட்களில்தான் ஒரு முறைகூடத் தம் முறையைத் தவறவிடாமல் எண்ணினார், பாதி உட்கார்வில் நின்றபடியே.

என் உறவினருக்கு நேரடியான விடை ஒன்றும் இருக்கிறது, அதுவும் படகோட்டிகளிடமிருந்துதான். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் படகோட்டிகளைத் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் சில நாட்கள் தனியாகவும் சில நாட்கள் குழுவாகவும் துடுப்புப் போட வைத்து, ராபின் டன்பார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எந்த அளவில் வலிக்கிறது என்று சொல்கிறார்கள் என்பதைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பதிந்தார்கள். இரண்டு வகை நாட்களிலும் செய்த வேலையின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குழுவாகச் செய்த நாட்களில் வலியைத் தாங்கும் அளவு தெளிவாக உயர்ந்திருந்தது. ஒத்திசைந்து செய்யும்போது உடம்பில் வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் என்ற பொருள் கூடுதலாகச் சுரப்பதன் அடையாளமாக இதை அவர்கள் கருதினார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்கள் 12 பேர்தான், எனவே இதன் மீது பெரிய கோட்டை எதையும் கட்ட முடியாது. ஆயினும் மேடையில் ஒரே எண்ணிக்கைக்கு எல்லாருடைய குதிகாலும் ஒன்றாக உயர்ந்து இறங்கும்போது எனக்குள் நிகழும் ஏதோ ஒன்று வீட்டுக் கூடத்தில் நிகழ்வதில்லை என்பதை நான் அறிவேன். காணொளியில் எண்ணுகிறவர் நான் நின்றுவிட்டாலும் எண்ணிக்கொண்டே இருப்பார்.

இடிக்கு முன் எண்ணுவது

இருவர் எப்போதும் போவது என்ற ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் இருந்தது. மழை வேறு, மின்னல் வேறு. எங்கள் மேடை நான்கு பக்கமும் திறந்தது. அப்படிப்பட்ட கூரைகள் மழையிலிருந்து காக்குமே தவிர மின்னலிலிருந்து காக்காது. மரத்தடிக்கும் அதே நிலைதான். சுவர்கள் சூழ்ந்த முழுக் கட்டடமோ, உலோகக் கூரையுள்ள மூடிய காரோதான் பாதுகாப்பு. எனவே இடி மின்னல் உள்ள காலைகளில் முறைக்காரர்கள் உட்பட ஒருவரும் வரக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நட்பின் பெயரால் யாரையும் மின்னலுக்குக் கீழே நிறுத்த முடியாது, இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

அப்படியானால் கைபேசி இல்லாத அம்மாவுக்கு யார் சொல்வது என்ற பழைய கேள்வி மீண்டும் வந்தது. அவர் தெருவிலேயே இருக்கும் ஒருவர் கதவைத் தட்டிச் சொல்லலாம் என்றார்கள். வீட்டில் இன்னொரு தொலைபேசி வாங்கி வைக்கலாம் என்றார்கள். அந்த அம்மாவே ஒரு வழி கேட்டார். "நானே தெரிஞ்சுக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க." அக்கா சொல்லிக்கொடுத்தார். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி எடுத்துக்கொள்கிறது. முப்பதை எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது என்று பொருள். வாசலைத் தாண்டக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை உள்ளேயே இருக்க வேண்டும். முப்பது எண்ணுவது என்றால் நம் மூன்று பேருடைய பத்து என்று அந்த அம்மா உடனே கணக்குப் போட்டுக்கொண்டார். பிறகு வந்த இடிக் காலைகளில் அவர் வரவில்லை. அடுத்த நாள் வரும்போது, நேற்று எத்தனை வரை எண்ணினார் என்பதை எங்களிடம் சொல்வார். நாங்களும் அதே நேரத்தில் எங்கள் எங்கள் சன்னலருகே நின்று எண்ணியிருப்போம். அவருடைய எண்ணிக்கையும் எங்களுடையதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே பின்னர் ஒரு வழக்கமானது.

இவ்வளவும் எழுதும்போது எங்கள் குழு குறையற்றது என்ற தோற்றம் வந்துவிடக் கூடாது. நெருக்கம் எல்லாருக்கும் பிடித்திருக்கவில்லை. மேடையில் காத்திருக்கும் நேரத்தில் சிலரின் பேச்சு அரசியலுக்குத் திரும்பிச் சூடானதும், அமைதிக்காக வந்துகொண்டிருந்த ஒருவர் விலகிப் போனார். அவர் இப்போது பூங்காவின் மறுபுறத்தில் தனியாக நடக்கிறார். எதிர்ப்பட்டால் அன்போடு சிரிக்கிறார், ஆனால் திரும்பி வரவில்லை. உடல்நலத்தையும் குடும்பத்தையும் பற்றிக் கேட்பதைத் துருவுவதாக உணர்ந்தவர்களும் இருந்தார்கள். தொலைவிலிருந்து வண்டியில் வந்தவர்கள் மழை தொடங்கியதும் நின்றவர்கள்தான். அவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. ஒருவரின் வராமையைக் கவனிப்பது வேறு, வராமைக்கு விளக்கம் கேட்பது வேறு. முதலாவதைச் செய்யும் குழு இரண்டாவதற்கு எளிதில் நழுவிவிடும். அக்கா இதில் ஒரு நல்ல வழியைக் கடைப்பிடிக்கிறார். பல நாள் வராதவரிடம் ஏன் வரவில்லை என்று அவர் கேட்பதே இல்லை. இப்போது என்ன பயிற்சி செய்கிறோம் என்பதை மட்டும் சொல்வார். வர விரும்புகிறவருக்கு அது அழைப்பு, விரும்பாதவருக்கு வெறும் தகவல்.

பார்க்ரன் என்ற வாராந்திர ஓட்டம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. 2004 அக்டோபர் 2 அன்று இலண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு அது தொடங்கியபோது, தொடங்கிவைத்த பால் சிண்டன்-ஹூவிட் ஓடவில்லை. காயத்தால் ஓட முடியாத நிலையில், ஓடும் நண்பர்களை விட்டு விலகாமல் இருப்பதற்காகத்தான் அவர் அதைத் தொடங்கினார். இந்தச் செய்தியை நான் சொன்னபோது மணிக்கட்டுக்காரர் மிகவும் மகிழ்ந்தார். வீக்கம் வடியும் வரை அவரும் கையைக் கட்டிக்கொண்டு மேடையில் நின்று எண்ணிக்கை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார், தம் பத்தையும் வராதவர்களின் பத்தையும் சேர்த்து.

மழைக்காலம் முடிந்ததும் புல்வெளி காய்ந்து, நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். முதல் நாளே ஒரு சிக்கல் எழுந்தது. மேடையில் பழகியவர்கள் நாங்கள் புல்வெளியிலும் எதிரெதிரே நிற்க விரும்பினோம். திரும்பி வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது தங்களால் குனிய முடியாது என்றார் ஒருவர், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் முதல் நாள் அதே கூச்சம்தான். சில நாட்கள் இழுபறிக்குப் பிறகு அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். வேகமான பயிற்சிகளுக்கு முன்போல் வரிசையில், எல்லாரும் முன்னால் பார்த்தபடி. கடைசியில் வரும் நீட்சிப் பயிற்சிகளுக்கு மட்டும் வட்டமாக. எண்ணிக்கை வட்டத்தில் ஒருவர் விடாமல் சுற்றி வர வேண்டும். இருபதுக்கு மேற்பட்டவர்கள் பத்துப் பத்தாக எண்ணினால் பயிற்சி முடியவே முடியாது என்பதால், ஆளுக்கு ஐந்து என்று குறைத்திருக்கிறோம். அது போதாது என்று மூத்த அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.